லாக்புக் கணக்கு இடிக்கிறதா? நேர்முகத்துக்கு முன் பிழை பார்க்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் யாராவது ஒரு விமானி, பறந்த மணியெல்லாம் எழுதிவைக்கும் லாக்புக்கோடு வந்துவிடுவார். டர்பன் விர்ஜினியா விமானத் தளத்தில் பயிற்சி முடித்த தம்பி, காங்கோ பக்கம் ஒப்பந்த வேலையில் கேரவான் என்ற சின்ன விமானம் ஓட்டித் திரும்பிய பையன், ஜோகன்னஸ்பர்க்கில் ஏர்பஸ் ஓட்டிக்கொண்டே வளைகுடாவுக்கு விண்ணப்பம் போட்டிருக்கும் தங்கச்சி என்று பலர். "மாமா, ஒரு தடவை பார்த்துக் கொடுங்க" என்பார்கள். விமான நிறுவன நேர்முகக் குழுவில் நானும் சில வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பக்கம் இருப்பவர் எங்கே விரல் வைப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அவர் தேடுவது ஒன்றைத்தான். புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு எண்ணுக்கும் புத்தகத்துக்கு வெளியே ஒரு சாட்சி இருக்கிறதா? ஃப்ளைட் ஃபோலியோ (விமானத்துக்கென்று உள்ள பறப்புப் பதிவு), பயிற்சிப் பள்ளியின் ஆத்தரைசேஷன் ஷீட் (பறக்க அனுமதித்த தாள்), வாடகை ரசீது, கம்பெனி ரோஸ்டர் (பணி அட்டவணை), பயிற்றுநரின் கையெழுத்து என எதுவாகவும் இருக்கலாம். சாட்சி இருந்தால் பிழை வெறும் பிழை. சாட்சி இல்லையென்றால் சரியான எண்ணையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

2018 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிராங்க்பர்ட்டுக்குப் போன நம் நாட்டு விமானம் ஒன்று ஆல்ப்ஸ் மலைக்கு மேல் முறைதவறிப் பறந்தது. அதை விசாரித்தபோது, அதில் இருந்த மூத்த விமானி ஒருவரிடம் ஏ.டி.பி.எல். என்ற விமானிகளுக்கான உச்ச உரிமமே கிடையாது என்பது வெளியே வந்தது. இருபது வருடங்களுக்கு மேல் அதே நிறுவனத்தில் பறந்தவர். அந்தச் செய்தியைப் படித்த எந்தக் குழுவும் காகிதத்தை இனி வெறுமனே நம்பாது. இது நமக்கு நல்லதுதான், ஏனென்றால் உண்மையாகப் பறந்தவனுக்குத்தான் சாட்சி கிடைக்கும்.

கீழே உள்ளவை என் மேசையில் அடிக்கடி வரும் கோளாறுகள். உங்களுடையது எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள்.

பக்கத்தின் அடியில் கூட்டல் சேரவில்லை

முதலில் பென்சில் எடுங்கள், பேனா வேண்டாம்.

மொத்த மணியை மூன்று வழியில் கூட்டிப் பாருங்கள். பயிற்சி முடித்து வந்த ஒரு தங்கச்சியின் புத்தகத்தில் நாங்கள் பார்த்தது இப்படி. டூயல் (பயிற்றுநரோடு பறந்தது) 68.3, பி.ஐ.சி. (தானே விமானத்தின் தலைவராகப் பறந்தது) 143.6, கூட்டினால் 211.9. பகல் 196.4, இரவு 15.5, கூட்டினால் 211.9. ஒற்றை எஞ்சின் 191.2, இரட்டை எஞ்சின் 20.7, மறுபடியும் 211.9. மூன்று வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றால் அந்தக் கூட்டல் சரி. இரண்டு ஒத்து ஒன்று மட்டும் முறைத்தால், பிழை அந்த ஒரு பிரிப்பில்தான். பகல் பறப்பை இரவுக் கட்டத்தில் எழுதியிருப்பீர்கள், அல்லது இரட்டை எஞ்சின் செமினோல் பறப்பு ஒன்று ஒற்றை எஞ்சின் பக்கம் போய் உட்கார்ந்திருக்கும். மூன்றுமே வேறுவேறாக வந்தால் பக்கம் பக்கமாகத்தான் போக வேண்டும்.

இன்ஸ்ட்ருமென்ட் கட்டத்தையும் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்த மணி) இன்ஸ்ட்ரக்டர் கட்டத்தையும் இந்த மொத்தத்தில் சேர்க்காதீர்கள். அவை ஏற்கெனவே எழுதிய மணிக்குள்ளேயே அடங்கியவை. மொத்தம் நாற்பது ஐம்பது மணி கூடுதலாகத் தெரிந்தால், பத்தில் எட்டு முறை காரணம் இதுதான்.

வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க என் அப்பா ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். கிரே ஸ்ட்ரீட்டில், இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ ஸ்ட்ரீட், துணிக்கடையில் கணக்கு எழுதியவர். வித்தியாசத்தைப் புள்ளி எடுத்துவிட்டு ஒன்பதால் வகுத்துப் பார். மீதியில்லாமல் போனால் எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மொத்தம் 1.8 அதிகம் என்று வையுங்கள். பதினெட்டு, ஒன்பதால் வகுத்தால் இரண்டு. அப்படியென்றால் இரண்டு இலக்கத்துக்கும் இடையே இரண்டு வித்தியாசம் உள்ள பதிவைத் தேடுங்கள். 1.3 என்று இருக்க வேண்டியது 3.1 என்று இருக்கும். ஒன்பதால் வகுபடாவிட்டால், வித்தியாசத்துக்குச் சமமான ஒரு பறப்பு விட்டுப்போயிருக்கிறதா, இரண்டு முறை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாக 1.0 அல்லது 10.0 என்றால் கையில் வைத்த எண்ணைக் கூட்ட மறந்திருக்கிறீர்கள்.

பிழை கிடைத்த பிறகு திருத்துவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஓர் உதாரணம். பக்கம் 14-ல் முந்தைய மொத்தம் 86.4, இந்தப் பக்கம் 11.7, கூட்டினால் 98.1. பையன் 99.1 என்று எழுதிவிட்டான். அந்த ஒரு மணி நாற்பது பக்கம் தாண்டி இன்று 612.8-ல் வந்து நிற்கிறது. உண்மை 611.8. நாற்பது பக்கத்தையும் வெட்டித் திருத்தினால் புத்தகம் போர்க்களம் மாதிரி ஆகிவிடும். அதை அப்படியே விடுங்கள். பக்கம் 14-ல் தவறான எண்ணின்மேல் ஒரே ஒரு கோடு, அடியில் இருப்பது படிக்கும்படி. பக்கத்தில் சரியான எண், உங்கள் சுருக்கக் கையெழுத்து, இன்றைய தேதி. பிறகு இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தில் ஒரு முழு வரி எடுத்து, "பக்கம் 14 கூட்டல் பிழை, மொத்தத்திலிருந்து 1.0 கழிக்கப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். தலைமைப் பயிற்றுநரோ தலைமை விமானியோ அருகில் ஒரு கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. வெள்ளை மை மட்டும் வேண்டவே வேண்டாம். அதற்கு அடியில் என்ன இருந்தது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர்களில் நானும் ஒருவன்.

மொத்தம் கொஞ்சம் கொஞ்சமாக விலகிக்கொண்டே போகிறது

ஒரே இடத்தில் குதிக்காமல் மெல்ல மெல்ல விலகினால் அது நிமிடம்–தசமக் குழப்பம்.

பத்தில் ஒரு மணி என்பது ஆறு நிமிடம். 1 மணி 20 நிமிடம் பறந்தால் 1.3. அதை 1.2 என்று எழுதினால் எட்டு நிமிடம் போச்சு. 1 மணி 50 நிமிடத்தை 1.5 என்று எழுதினால் இருபது நிமிடம் போச்சு. நிமிடத்தைத் தசமம் என்று நினைத்து எழுதுபவருக்கு எப்போதும் நஷ்டம்தான், ஒரு முறைகூட லாபம் வராது. அதனால் குழு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது.

ஆபத்து மறுபக்கத்தில் இருக்கிறது. லாக்புக்கில் தசமமாக எழுதியவர், மணி–நிமிடமாகக் கேட்கும் ஆன்லைன் விண்ணப்பத்தில் 1.5 என்பதை 1:50 என்று ஏற்றுகிறார். ஒவ்வொரு பறப்புக்கும் இருபது நிமிடம் வரை ஊதிப்போகிறது. ஆயிரம் பறப்பு இருந்தால் நூற்றுக்கணக்கான மணி. நேர்முக அறையில் புத்தகத்தையும் விண்ணப்பத்தையும் பக்கத்தில் வைத்ததும் இது பொய் என்றுதான் தோன்றும். விளக்கம் சொல்ல வாய்ப்புக் கிடைக்கும் என்று நம்பி உட்காராதீர்கள்.

ஒரு முறையை முடிவு செய்து கடைசி வரை அதையே பிடியுங்கள். 3 முதல் 8 நிமிடம் வரை 0.1, 9 முதல் 14 வரை 0.2, 15 முதல் 20 வரை 0.3, 21 முதல் 26 வரை 0.4, 27 முதல் 33 வரை 0.5, 34 முதல் 39 வரை 0.6, 40 முதல் 45 வரை 0.7, 46 முதல் 51 வரை 0.8, 52 முதல் 57 வரை 0.9. இதை அட்டையில் எழுதி லாக்புக்கின் முன்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நடுவில் முறையை மாற்றியிருந்தால், மாற்றிய தேதியில் ஒரு வரி எழுதிவையுங்கள்.

லாக்புக்கில் ஒரு நேரம், ஃப்ளைட் ஃபோலியோவில் வேறு நேரம்

பயப்படாதீர்கள், பல சமயம் இரண்டுமே சரி. நீங்கள் எழுதுவது பறக்கப் புறப்படும் நோக்கத்தில் விமானம் முதன்முதல் நகர்ந்ததிலிருந்து, முடிவில் அசையாமல் நிற்கும் வரை. பராமரிப்புக்காக எழுதும் டாக்கோ மீட்டரோ எஞ்சின் சுழற்சியைப் பொறுத்து ஓடும். ஓடுபாதைக்கு மெல்ல உருண்டு போகும்போது அது சோம்பலாக நகரும். ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி வந்து இறங்கும் சர்க்யூட் பயிற்சியில், கடிகாரம் போல ஓடும் ஹாப்ஸ் மீட்டர் 1.0 காட்டும்போது டாக்கோ 0.8 காட்டினால் அதில் கோளாறு ஒன்றுமில்லை. ஆனால் எந்த மீட்டரைப் பார்த்து எழுதினீர்கள் என்று கேட்டால் உடனே பதில் வர வேண்டும். டாக்கோவை விட லாக்புக் எப்போதும் 0.5 கூடுதல் என்றால் அதற்கு மீட்டர் காரணமில்லை.

தேதியே மாறி நிற்கிறதா? நம் நாட்டு நேரம் ஸூலு நேரத்தை, அதாவது உலகப் பொது நேரத்தை (யு.டி.சி.) விட இரண்டு மணி முன்னால். ஜோகன்னஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்திலிருந்து ஜூன் 4 அதிகாலை 1 மணிக்குக் கிளம்பினால் ஸூலுவில் அது ஜூன் 3 இரவு 23:00. ரோஸ்டர் உள்ளூர் நேரம், லாக்புக் ஸூலு என்றால் நள்ளிரவுப் பறப்புகள் எல்லாம் ஒரு நாள் தள்ளித்தான் நிற்கும். பக்கத்தின் தலைப்பில் எந்த நேரம் என்று எழுதிவிட்டால் கேள்வியே வராது.

இரவு மணி நம்பும்படி இல்லை

நம் விதியில் இரவு என்பது சூரியன் மறைந்து 15 நிமிடத்துக்குப் பிறகு தொடங்கி, உதிக்க 15 நிமிடம் இருக்கும்போது முடிகிறது. டர்பனில் ஜூன் மாதம் ஐந்து மணி சுமாருக்கே சூரியன் போய்விடும். டிசம்பரில் ஏழு மணி சுமார் ஆகும். ஒரு தம்பியின் புத்தகத்தில் டிசம்பர் 18, விர்ஜினியாவில் மாலை 6:30-க்கு இறக்கம், இரவு 0.4 என்று இருந்தது. கடற்கரையில் பிள்ளைகள் இன்னும் குளித்துக்கொண்டிருக்கும் நேரம் அது. அவன் ஏமாற்றவில்லை. ஜூன் மாத வழக்கத்தில் "ஆறரை என்றால் இருட்டு" என்று கை தானாக எழுதிவிட்டது. ஆனால் நம் ஊரைச் சேர்ந்த ஒருவர் குழுவில் இருந்தால் முதலில் அவர் கண்ணில் படுவது அதுதான்.

அந்தந்த நாளின் சூரிய அஸ்தமன நேரத்தை வைத்து இரவுப் பறப்புகளை மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். பொதுவாக இருநூறு வரிக்குள் இருக்கும், ஒரு மாலை வேலை. பிற நாட்டு விதியில் இரவு அந்திவெளிச்சம் முடிந்த பிறகுதான் தொடங்கலாம். அங்கே விண்ணப்பிக்கும்போது கணக்கு சில நிமிடங்கள் குறையும். லாக்புக்கைத் தொடாமல் விண்ணப்பத்தில் மட்டும் அவர்கள் முறைப்படி குறைத்து எழுதுங்கள்.

பி.ஐ.சி. மணி புருவத்தை உயர்த்துகிறது

இதற்குப் பல வேர் இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும்.

முதலாவது நண்பர்கள் கோளாறு. மணி சேர்க்க இரண்டு பேர் பணத்தைப் பாதி பாதி போட்டு ஒரு செரோக்கி விமானத்தை வாடகைக்கு எடுக்கிறார்கள். மார்கேட் வரை ஒருவர், திரும்பி வரும்போது மற்றவர். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் போக வர முழுவதையும் பி.ஐ.சி. என்று எழுதிவிடுகிறார்கள். பயிற்றுநர் இல்லாத அந்தச் சின்ன விமானத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு தலைவர்தான். கூடவே படித்த இரண்டு பேரும் ஒரே வேலைக்குத்தான் விண்ணப்பிப்பார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். இரண்டு புத்தகமும் ஒரே காலையில் ஒரே மேசைக்கு வரும். அதே தேதி, அதே பதிவெண், அதே மணி, இரண்டு தலைவர்கள். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பினோம், அன்று சாப்பாடு இறங்கவில்லை. நல்ல கை உள்ள பிள்ளைகள். நீங்கள் இப்படி எழுதியிருந்தால் நண்பரைக் கூப்பிட்டு இரண்டு புத்தகத்தையும் அருகருகே வைத்து, யார் எந்தக் கட்டம் ஓட்டினார் என்று ரசீதையும் ஃபோலியோவில் உள்ள கையெழுத்தையும் வைத்துப் பிரித்துவிடுங்கள். மேலே சொன்னபடி திருத்த வரி எழுதுங்கள். மணி குறையும், குறையட்டும்.

இரண்டாவது, கேப்டன் மேற்பார்வையில் தலைவராகப் பறந்த மணி, அதாவது பி.ஐ.சி.யு.எஸ். அது பி.ஐ.சி. கட்டத்துக்குள் கரைந்துபோயிருக்கும். சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் ஏ.டி.பி.எல். அளவுகோலில் 1,500 மணியில் பி.ஐ.சி.யாக 250 வேண்டும், அதில் குறைந்தது 70 நீங்களே தலைவராக இருந்த மணி, மீதி மேற்பார்வையில் இருக்கலாம். இல்லையென்றால் மேற்பார்வை மணி மட்டும் 500. உரிமத்துக்கு இது உதவும். ஆனால் விமான நிறுவனம் "பி.ஐ.சி. எவ்வளவு" என்று கேட்கும்போது பெரும்பாலும் சுத்தமான தலைமை மணியைத்தான் கேட்கிறது. இரண்டையும் தனித்தனியே வைத்திருங்கள். மேற்பார்வை மணியின் ஒவ்வொரு வரிக்கும் அந்த கேப்டனின் கையெழுத்து வேண்டும். மூன்று வருடம் கழித்து வாங்கலாம் என்று விட்டால் அவர் தோஹாவில் இருப்பார், நீங்கள் லான்சீரியாவில் இருப்பீர்கள்.

மூன்றாவது, ஒப்பந்த வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு. கேரவானும் கிங் ஏர் 200-ம் ஒரு விமானியோடு பறக்கச் சான்று பெற்றவை. அதில் நூற்றுக்கணக்கான மணி கோ-பைலட் என்று எழுதியிருந்தால், "அந்த இரண்டாவது இருக்கை தேவைப்பட்டதா" என்ற கேள்வி நிச்சயம். ஆப்பிரிக்காவில் உதவி அமைப்புகள் வாடகைக்கு எடுக்கும்போது இரண்டு விமானி வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே போடுவது வழக்கம். அப்படியானால் கம்பெனியின் ஆபரேஷன்ஸ் மேனுவலில் அதைச் சொல்லும் பக்கத்தின் நகலையும், தலைமை விமானியிடமிருந்து ஒரு கடிதத்தையும் இப்போதே வாங்கிக் கோப்பில் போடுங்கள். இல்லாவிட்டால் அந்த மணியைத் தனி வரியாகக் காட்டுங்கள், மொத்தத்தில் நுழைக்காதீர்கள். இன்னொன்று, "5,700 கிலோவுக்கு மேற்பட்ட விமானத்தில் மணி" என்ற கட்டத்தில் கிங் ஏர் 200-ஐச் சேர்த்துவிடுகிறார்கள். வழக்கமான கிங் ஏர் 200-ன் அதிகபட்சப் புறப்பாட்டு எடை 5,670 கிலோ. முப்பது கிலோவில் தவறுகிறது என்றாலும் தவறியது தவறியதுதான்.

சிமுலேட்டர் மணியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதன் கட்டம் வேறு, அங்கேயே இருக்கட்டும்.

கம்பெனி மூடிவிட்டது, முத்திரை போட ஆளில்லை

நம் நாட்டில் இது அடிக்கடி நடக்கிற கதை. விமான நிறுவனங்களில் 1டைம் 2012-ல் நின்றது, மேங்கோ 2021-ல் நின்றது, கோமேர் 2022-ல் நின்றது. பின்னாலேயே வேலை தேடும் விமானிகள், கையில் முத்திரை இல்லாத பக்கங்கள்.

முதலில் நிறுவனத்தைக் கலைக்கும் பொறுப்பில் இருப்பவருக்கு எழுத்தில் கேளுங்கள், பறப்புப் பதிவுகள் அவரிடம் இருக்கலாம். பதில் வரும் வரை சும்மா இராதீர்கள். அன்றைய தலைமை விமானியைத் தேடிப் பிடித்து, அவருடைய உரிம எண்ணோடு கையெழுத்திட்ட கடிதம் வாங்குங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்த வகை விமானம், எந்தப் பதவி என்று அதில் இருக்க வேண்டும். கூடவே சம்பளச் சீட்டுகள், வருடாவருடம் வந்த ஐ.ஆர்.பி.5 வரிச் சான்று, ஆறு மாதச் சிமுலேட்டர் சோதனைப் படிவங்கள், மின்னஞ்சலில் கிடக்கும் ரோஸ்டர்கள். ஐ.ஆர்.பி.5 நீங்கள் எத்தனை மணி பறந்தீர்கள் என்று சொல்லாது. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே வேலையில் இருந்தீர்கள் என்பதை அரசாங்கமே சொல்கிறது. குழுவுக்கு அது பெரிய சாட்சி.

இப்போது வேலையில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாதக் கடைசியில் முத்திரை வாங்குங்கள். கம்பெனி நன்றாக ஓடும்போது அது இரண்டு நிமிட வேலை.

உரிமத்தில் ஒரு பெயர், கடவுச்சீட்டில் ஒரு பெயர்

1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களோடு ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து 1911 வரை நம் முன்னோர்கள் பெயரை எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அண்ணன் வீட்டில் ஒரு எழுத்து, தம்பி வீட்டில் இன்னொரு எழுத்து. கவுண்டரும் படையாச்சியும் எத்தனை விதமாக நம் கதவுகளில் எழுதப்பட்டிருக்கிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழப்பம் இன்று பயிற்சிப் பள்ளிப் படிவத்தில் ஓர் எழுத்து விட்டுப்போன உரிமமாக வந்து நிற்கிறது. கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய தங்கச்சிகளுக்கும் இதே தலைவலி, முதல் லாக்புக் அப்பா பெயரில், இரண்டாவது கணவர் பெயரில்.

பழைய புத்தகத்தின் அட்டையில் பெயரை அடித்து எழுதாதீர்கள். உரிமத்தை மட்டும் விமானப் போக்குவரத்து ஆணையத்தில் கடவுச்சீட்டின்படி திருத்திக்கொள்ளுங்கள். லாக்புக்குக்கு ஒரு சத்தியக் கடிதம் போதும். பக்கத்துப் போலீஸ் நிலையத்தில், இந்த இரண்டு பெயரும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டு, அங்கேயே முத்திரை வாங்கலாம். திருமணச் சான்றின் சான்றளித்த நகலையும் அங்கேயே இலவசமாகச் செய்து தருவார்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய முத்திரையைப் பல இடங்களில் ஏற்பதில்லை, அதனால் நேர்முகத் தேதி தெரிந்த பிறகு போங்கள்.

புத்தகம் நனைந்தது, அல்லது தொலைந்தே போனது

விர்ஜினியா கடலை ஒட்டிய தளம். அங்கே காரில் வைத்த புத்தகம் ஒரு கோடையிலேயே அலை அலையாக வளைந்துவிடும், ஜெல் பேனா மை பூத்து எதிர்ப்பக்கத்தில் ஒட்டும். நனைந்தது என்றால் ஒட்டிய பக்கங்களை வலிந்து பிரிக்காமல் நிழலில் காயவிடுங்கள், இடையிடையே வெள்ளைத்தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருங்கள். காய்ந்ததும் எல்லாப் பக்கத்தையும் படமெடுங்கள். மங்கிய எண்ணின்மேல் மறுபடி எழுதாதீர்கள். ஓரத்தில் சின்னதாக எழுதிக் கையெழுத்திடுங்கள்.

தொலைந்தால், அன்றே போலீஸில் எழுதிக் கொடுத்து வழக்கு எண் வாங்குங்கள். பிறகு மறுகட்டுமானம். ஒவ்வொரு உரிமத்துக்கும் தகுதிக்கும் விண்ணப்பித்தபோது மணிக் கணக்கை ஆணையத்துக்குக் கொடுத்திருப்பீர்கள், மிட்ராண்டில் அவர்கள் அலுவலகத்தில் உள்ள உங்கள் கோப்பைக் கேளுங்கள். அந்த எண்கள் மைல்கல் மாதிரி. அவற்றுக்கு இடையே உள்ளதைப் பள்ளியின் ஆத்தரைசேஷன் ஷீட், ரசீது, கம்பெனிப் பதிவு இவற்றால் நிரப்புங்கள். நிரப்ப முடியாத இடத்தைக் காலியாக விடுங்கள். புதிய புத்தகத்தின் முதல் பக்கத்தில் இது மறுகட்டுமானம் செய்தது, எந்த ஆதாரத்திலிருந்து என்று எழுதுங்கள். குழுவிடமும் புத்தகத்தைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

புத்தகம் அசிங்கமாக இருக்கிறது, அழகாக எழுதிவிடலாமா?

கூடாது. கெஞ்சிக் கேட்கிறேன், கூடாது.

ஒருமுறை ஒரு பையன் கொண்டுவந்த புத்தகம் முத்துமுத்தான கையெழுத்தில் இருந்தது. மூன்று வருடப் பதிவு, ஒரே நீல மை, ஒரே அழுத்தம், ஒரு வெட்டுகூட இல்லை. காலை ஆறு மணிக்கு முழங்காலில் வைத்து எழுதியவனின் கையெழுத்து அப்படி இருக்காது. பழைய புத்தகம் எங்கே என்று கேட்டேன். காபி கொட்டிவிட்டது, எறிந்துவிட்டேன் என்றான். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பயிற்றுநர்களின் அசல் கையெழுத்துகள் எல்லாம் அந்தக் குப்பைத்தொட்டியோடு போய்விட்டன. மிச்சமிருந்தது அவன் வாய்ச்சொல் மட்டும்.

காபிக் கறையோடு கொண்டுவாருங்கள். தையல் பிரிந்தால் ஒட்டுங்கள், கண்ணாடி உறை போடுங்கள். அதோடு ஒரே பக்கத்தில் ஒரு சுருக்கம் அச்சிட்டு முன்னால் வையுங்கள். விமான வகை வாரியாக மணி, பி.ஐ.சி., கோ-பைலட், இரவு, இன்ஸ்ட்ருமென்ட், கடைசி 12 மாதம், கடைசி 90 நாள். முதல் தனிப்பறப்பு, சி.பி.எல். (வணிக விமானி உரிமம்) தேர்வு, இன்ஸ்ட்ருமென்ட் தேர்வு, டைப் ரேட்டிங் (ஒரு விமான வகைக்கான தகுதி), கடைசிப் பக்கம் இவற்றுக்கு மட்டும் ஒட்டுச்சீட்டு. கணினியில் எழுதுபவர்கள் பக்கங்களை அச்சிட்டு ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டு, கையால் எழுதிய பழைய புத்தகம் எந்த மொத்தத்தில் நின்றதோ அதே எண்ணில் அச்சு தொடங்குகிறதா என்று பாருங்கள். மாறும் இடத்தில்தான் மணி காணாமல் போகும்.

ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கேட்கிறார்கள், ஞாபகம் வரவில்லை

"இந்த லேடிஸ்மித் பறப்பைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பார்கள். பத்து வருடத்துக்கு முந்தைய பறப்பு. ஞாபகம் இல்லை என்றால் அப்படியே சொல்லலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். ஆனால் நூறு பறப்பைக் கேட்டு ஒன்றுகூட ஞாபகமில்லை என்றால் அது வேறு கதை. குறிப்புக் கட்டத்தைப் பயன்படுத்துங்கள். "டிராக்கன்ஸ்பர்க் பக்கம் இடி, மாரிட்ஸ்பர்க்கில் இறங்கிக் காத்திருந்தேன்" என்று நாலு சொல் இருந்தால் அந்த நாளே கண்முன் வந்துவிடும். நேர்முகத்துக்கு முந்தைய வாரம் கதை படிப்பதுபோல புத்தகத்தை முதலிலிருந்து படியுங்கள். தோற்றுப்போன சோதனைப் பறப்பு, டயர் வெடித்த நாள், திரும்பிவந்த நாள் இவற்றை நீங்களே முதலில் எடுத்துச் சொல்லப் பழகுங்கள். என் அனுபவத்தில் அந்த ஐந்து நிமிடப் பேச்சில்தான் பாதி முடிவு ஆகிவிடும்.

நாளைக்கு நேர்முகம், இன்றிரவுதான் பிழை கண்ணில் பட்டது

பேனாவைக் கீழே வையுங்கள். இரவு பதினோரு மணிக்குப் போடும் திருத்தம் காலையில் புது மையாகப் பளபளக்கும்.

ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி, என்ன எழுதியிருக்கிறது, என்ன இருந்திருக்க வேண்டும், எப்படிக் கண்டுபிடித்தீர்கள், மொத்தத்தில் எவ்வளவு மாறும் என்று ஐந்தாறு வரியில் எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுங்கள். அதை அந்தப் பக்கத்தில் செருகி வையுங்கள். காலையில் புத்தகத்தைக் கொடுக்கும்போது, அவர்கள் திறப்பதற்கு முன்பே தாளை எடுத்துக் காட்டுங்கள். விண்ணப்பத்தில் கொடுத்த மொத்தம் மாறினால் புதிய எண்ணையும் சொல்லுங்கள்.

டர்பன் கிங் ஷாக்கா விமான நிலையத்திலிருந்து விமானம் ஏறுகிறீர்கள் என்றால் லாக்புக் கைப்பையில் வரட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம்.